பாட்டி பேசட்டும், நாடகம் காத்திருக்கும்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. நாடகம் ஓடும்போது யாரும் பேசக்கூடாது.

சட்டம் போட்டவர் அம்மா. 1980களின் பிற்பகுதி அது. ஈசூனில் இருந்த எங்கள் வீவக வீட்டின் வரவேற்பறையில் அப்பா, அம்மா, அண்ணன், நான் என நால்வரும் ஒரே பெட்டியின் முன் உட்கார்ந்திருப்போம். எட்டாம் ஒளிவழியில் சீன நிகழ்ச்சிகளுக்கு நடுவே தமிழுக்கென்று கிடைத்த நேரம் கொஞ்சம்தான். தவறவிட்டால் தவறவிட்டதுதான். அடுத்த நாள் பள்ளியில் தோழிகளிடம் கேட்டுக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

“அவங்க ஏன்மா அழறாங்க?” என்று நடுவில் கேட்டுவிட்டால் போச்சு. “ச்சூ... பேசாம பாரு!” என்பார் அம்மா. விளம்பரம் வரட்டும், கேட்கலாம் என்று காத்திருப்பேன். விளம்பரம் வந்ததும் அம்மா அடுப்பில் வைத்ததைப் பார்க்கச் சமையலறைக்கு ஓடிவிடுவார். என் கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

அந்த அம்மாவுக்கு இப்போது 72 வயது. அப்பா காலமான பிறகு எங்களோடு இருக்கிறார். பெட்டி பெரிதாகிவிட்டது, சுவரில் மாட்டியிருக்கிறது. ஆனால் அதன் முன்னால் அம்மா மட்டும்தான் உட்கார்ந்திருப்பார். சென்னைத் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். 14 வயது மகள் தன் அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கொரிய நாடகம் பார்ப்பாள். கணவர் திறன்பேசியில் கிரிக்கெட் பார்ப்பார். நான் வேலை முடிந்து வரும் எம்ஆர்டி பயணத்தில் ஏதோ ஒரு தொடரின் பாதிப் பகுதியை முடித்துவிட்டு, மீதியைப் படுக்கையில் பார்ப்பேன். நான்கு பேர், நான்கு திரை. ஒரே வைஃபைதான் எங்களுக்குப் பொது.

இதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை, ஒரு நாள் இரவுச் சாப்பாட்டு நேரம் வரும்வரை. பாட்டி இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். மகள் என்னைப் பார்த்து, “அம்மா, டெல் பாட்டி ஐ டோன்ட் வான்ட் ரசம்” என்றாள். பாட்டியிடம் சொல்ல வேண்டியதை என் வழியாக, மொழிபெயர்ப்பாளரிடம் சொல்வதுபோல் சொன்னாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் ரசக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கற்றுத் தராமலே கற்ற தமிழ்

என் தமிழ் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளியில் படித்தேன், உண்மைதான். ஆனால் ஒரு பெரியவரிடம் எப்படிப் பேச வேண்டும், கோபத்தை எப்படி மறைத்துச் சொல்ல வேண்டும், துக்க வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் நான் அந்த வரவேற்பறையில் நாடகம் பார்த்துப் பழகினேன். யாரும் கற்றுத் தரவில்லை. காதில் விழுந்துகொண்டே இருந்தது.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது 1963ல். தமிழுக்கான நேரம் மெல்ல மெல்லக் கூடியது. 2000ஆம் ஆண்டில் ‘வசந்தம் சென்ட்ரல்’ வந்தது. 2008 அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழியானபோது, நமக்கென்று முழுதாக ஓர் ஒளிவழி என்று அப்பா அண்டை வீட்டாரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டணத் தொலைக்காட்சி வழியாகச் சென்னைத் தொடர்களும் வீட்டுக்குள் வந்தன. 2019 பிறந்தபோது பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு எல்லாம் மின்னிலக்கமானது. ‘டோகல்’ என்ற பெயரில் இருந்த மீடியாகார்ப்பின் இணையத் தளம் 2020ல் ‘மீவாட்ச்’ ஆனது. இதற்கிடையே 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. அமேசான் பிரைம், ஸீ5 என்று வரிசை நீண்டது.

தமிழ் பார்க்கும் வழிகள் இப்படிப் பெருகிய அதே காலத்தில் வேறொன்று குறைந்தது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காட்டினர். 2020ல் அது 2.5 விழுக்காடு. ஓடிடி தளங்களால்தான் இது குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் என் வீட்டில் தமிழ் காதில் விழுந்துகொண்டிருந்த ஓர் இடம் இருந்தது, அந்த இடம் காலியாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

சமையலறையிலிருந்து கேட்ட நாடகம்

மகளை அம்மாவுடன் உட்கார வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. “ஒரே ஆளு மூஞ்ச ஏன் மூணு தடவ காட்டுறாங்க?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதிலும் இருக்கிறது. அன்றாடத் தொடர் விளம்பரத்தை நம்பி வாழ்கிறது. மக்கள் பார்க்கும்வரை அது முடியக்கூடாது. தேவயானி நடித்த ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,500 பகுதிகளுக்கும் மேல் ஓடியது. அத்தனை நாள் ஓட வேண்டுமென்றால் கதை நடக்கக்கூடாது, நகர்ந்தால் போதும். ஒரு கன்னத்தில் விழும் அறையை வீட்டிலுள்ள எட்டுப் பேரும் அதிர்ச்சியோடு பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தொடர்களைப் பாதிப் பேர் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பார். அதனால்தான் பாத்திரங்கள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கின்றன. “இப்ப நான் என்ன செய்யப்போறேன்னு பாரு” என்று வில்லி தனியாக நின்று பேசுகிறாள். நேற்று பார்க்காதவருக்கும் இன்று புரிய வேண்டும், அடுப்படியில் நிற்பவருக்கும் புரிய வேண்டும். குறையாக நாம் கேலி செய்வதில் பெரும்பகுதி, பார்ப்பவரின் வாழ்க்கைக்கு ஏற்பச் செய்துகொண்ட ஏற்பாடு.

தொலைக்காட்சி என்றாலே இழுவைதான் என்பதும் சரியில்லை. 1990களில் கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை வைத்து நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வாரம் ஒரு முறைதான் வந்தது. அதன் ‘விடாது கருப்பு’ பகுதியை யூடியூபில் இன்றும் தேடிப் பார்க்கிறார்கள்.

ஓடிடி தளத்தின் கணக்கு வேறு. அதற்குச் சந்தா முக்கியம். கதை முடிந்து, மனநிறைவோடு அடுத்த கதையை நீங்கள் தொடங்கினால்தான் அடுத்த மாதமும் சந்தா கட்டுவீர்கள். ஆகவே கதைக்கு முடிவு வந்தது. 2022ல் வெளிவந்த புஷ்கர் - காயத்ரியின் ‘சுழல்’ எட்டே பகுதிகள். ஒரு சிற்றூரில் பெண்ணொருத்தி காணாமல் போகிறாள். அங்கே நடக்கும் மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாள்களோடு விசாரணையும் நகர்கிறது. முதல் பகுதியில் சாதாரணமாகக் கண்ணில் பட்டது கடைசியில் முக்கியமாகிறது. பார்ப்பவர் வெங்காயம் நறுக்கவில்லை, திரையைத்தான் பார்க்கிறார் என்று நம்பி எழுதப்பட்ட கதை அது. பாத்திரம் பேசாமல் நின்றாலும் நமக்குப் புரிகிறது.

எட்டுப் பகுதிகள் என்றால் மகளையும் உட்கார வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ‘சுழல்’ பாட்டியுடன் சேர்ந்து பார்க்கும் கதை இல்லை. பள்ளி விடுமுறையில் நான் தேர்ந்தெடுத்தது ‘அயலி’.

நிறுத்திய இடத்தில் தொடங்கிய கதை

முத்துக்குமார் இயக்கி 2023 ஜனவரியில் ஸீ5 தளத்தில் வந்த தொடர் இது. இதுவும் எட்டுப் பகுதிகள். புதுக்கோட்டை வட்டாரத்தில் வீரப்பண்ணை என்றொரு கற்பனைக் கிராமம். காலம் 1990களின் தொடக்கம். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் பள்ளிப் படிப்பு நின்றுவிடும், திருமணம் நடந்துவிடும். மீறினால் அயலி தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை. மருத்துவராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி என்ற சிறுமி, தான் வயதுக்கு வந்ததையே மறைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள்.

முதல் நாள் மூவரும் உட்கார்ந்தோம். ஆங்கில வசன வரிகள் இல்லாமல் பார்க்க மாட்டேன் என்றாள் மகள். சரி என்றேன். அவள் கண் திரையின் அடிப்பகுதியிலேயே இருந்தது. தமிழ் பின்னணி இசைபோல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சிரித்த இடங்களில் மகள் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் பொருள் வந்துவிடுகிறது, கிண்டல் வருவதில்லை.

இரண்டாம் நாள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வசன வரிகள் கிடையாது. புரியாவிட்டால் தொலையியக்கி அவள் கையில், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் கேள்வியைப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும், தமிழில் கேட்க வேண்டும்.

முதலில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தினாள். ஒரு பகுதியைப் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கணவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னுமா முடியல?” என்றார். “சடங்குன்னா என்ன பாட்டி?” “தாய்மாமன் ஏன் சீர் கொண்டு வரணும்?” “சாமி ஏன் கோவிச்சுக்கும்?” அம்மா நிதானமாகப் பதில் சொன்னார். ‘ச்சூ’ என்ற சத்தமே இல்லை. அவசரமும் இல்லை. தமிழ்ச்செல்வி திரையில் ஒரு காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மகள் மறுபடி நிறுத்தினாள். “பாட்டி, இதெல்லாம் கதைதானே? நிஜமா படிப்ப நிறுத்துவாங்களா?”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “என்னை நிறுத்துனாங்களே.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“ஏழாப்பு படிச்சேன். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்க ஊரு. பள்ளிக்கூடம் பக்கத்து ஊருல. வயசுக்கு வந்தப்புறம் துணைக்குப் போக ஆள் இல்லன்னு நிறுத்திட்டாங்க. சாமி கோவிச்சுக்கும்னெல்லாம் யாரும் சொல்லல. ஆள் இல்லன்னாங்க, அவ்வளவுதான். கணக்குல நான்தான் முதல் மார்க்கு. வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டாரு. எங்கப்பா அவருக்கு மோர் குடுத்து அனுப்பிட்டாரு.”

எனக்கு 45 வயது. இது எனக்குத் தெரியாது.

அம்மா திருமணமாகி 1974ல் சிங்கப்பூருக்கு வந்தது தெரியும். தேக்கா சந்தையில் கடைக்காரர் கணக்குப் போடும் முன் மனக்கணக்காகத் தொகையைச் சொல்லிவிடுவது தெரியும். என் தேர்வு முடிவு வந்த நாள்களில் கணக்கு மதிப்பெண்ணை மட்டும் முதலில் கேட்பதும் தெரியும். ஆனால் அவருக்குப் படிக்க ஆசை இருந்தது, அது ஒரு குவளை மோரோடு முடிந்துபோனது என்பதை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

“ஏன் பாட்டி நீங்க சண்டை போடல?” என்றாள் மகள்.

“மூணு நாள் சாப்பிடாம இருந்தேன். நாலாம் நாள் பசிச்சுச்சு” என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. பாட்டியின் அருகில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அன்று நாடகத்தைத் தொடரவே இல்லை. திரை தானாக அணைந்துவிட்டது.

பிறகு நான் யோசித்தேன். அம்மாவும் நானும் எத்தனை ஆயிரம் மணி நேரம் ஒன்றாக நாடகம் பார்த்திருப்போம்! படிப்பு நின்ற பெண்கள், அழுத பெண்கள், எதிர்த்து நின்ற பெண்கள் எத்தனை பேர் அந்தப் பெட்டிக்குள் வந்து போனார்கள்! அப்போதெல்லாம் அம்மாவுக்குத் தன் கதை நினைவுக்கு வந்திருக்காதா? வந்திருக்கும். ஆனால் நாடகம் நிற்காது. பேசினால் அடுத்த காட்சி போய்விடும். காத்திருக்கத் தெரியாத நாடகத்தின் முன்னால் நாங்கள் காத்திருந்தோம்.

இழந்ததும் இழக்கக்கூடாததும்

இதை வைத்து ஓடிடிதான் நல்லது, பழைய தொலைக்காட்சி மோசம் என்று முடிவுகட்ட நான் விரும்பவில்லை. நிறுத்தும் பொத்தான் எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இருந்தது. நாங்கள்தான் அதைத் தொலைபேசி அழைப்பு வந்தால் மட்டும் அழுத்தினோம். நம்மை நிறுத்தவிடாமல் வைத்திருக்கத்தான் அந்தத் தளங்கள் பாடுபடுகின்றன. ஒரு பகுதி முடிந்த சில விநாடிகளில் அடுத்தது தானாகத் தொடங்கிவிடும். தொடக்கப் பாடலைத் தாண்டிப் போகப் பொத்தான் வரும். பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்குள் அடுத்த கொலை நடந்துவிடுகிறது. பழைய ‘தொடரும்’ என்ற சொல் நமக்கு ஒரு வாரம் பேசுவதற்கு விஷயம் கொடுத்தது. அலுவலகத்தில், கோப்பிக்கடையில், கோயில் வாசலில் எல்லாரும் ஒரே இடத்தில் நின்றிருந்தோம். இப்போது “நீ எத்தனாவது எபிசோட்?” என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது.

மூத்தவர்களின் சிரமமும் சிறிதல்ல. அம்மாவுக்கு எண்ணை அழுத்தினால் ஒளிவழி வர வேண்டும். கடவுச்சொல், சுயவிவரம், சந்தா என்று அடுக்கினால் “நீயே போட்டுக் குடு” என்று தொலையியக்கியைக் கீழே வைத்துவிடுகிறார். வீட்டில் யாரும் இல்லாத பகல் முழுவதும் அவருக்குத் துணை அந்த அன்றாடத் தொடர்கள்தான். அதே நேரத்தில், அதே முகங்கள். அந்த ஒழுங்கு அவருக்கு வேண்டும். இழுவை என்று கேலி செய்வதை நான் நிறுத்திக்கொண்டேன்.

நம் உள்ளூர் நாடகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனைத்துலகத் தளங்களில் வரும் தமிழ்க் கதைகள் தமிழகத்தின் கதைகள். அவற்றைப் பார்த்து மகள் சடங்கைத் தெரிந்துகொள்கிறாள், நல்லதுதான். ஆனால் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் கதையை, தேசிய சேவைக்குப் போகும் மகனின் கதையை, சீன மருமகள் வந்த வீட்டின் கதையைச் சொல்ல அந்தத் தளங்களுக்கு என்ன அவசியம்? இந்நாட்டுக் குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு. அவர்களிலும் ஒரு பகுதியினர்தான் தமிழர். கூட்டத்தை மட்டும் எண்ணினால் நம் கதை எந்தப் பட்டியலிலும் மேலே வராது. 2010ல் வசந்தத்தில் ‘வேட்டை’ வந்தபோது, நம் தெருக்களில் தமிழ் பேசும் காவல் அதிகாரிகள் ஓடுவதைப் பார்க்க எங்கள் வீடு கூடியது எனக்கு நினைவிருக்கிறது. அத்தகைய நாடகங்கள் இன்று மீவாட்ச்சில் நமக்கு வசதியான நேரத்தில் கிடைக்கின்றன. நேரம் இல்லை என்று இனி சொல்ல முடியாது. பார்ப்பதும், பிடித்தால் பிடித்தது என்றும் பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்றும் சொல்வதும் நம் பங்கு.

வெள்ளிக்கிழமை இரவு 9 மணி

எங்கள் வீட்டில் இப்போது புதிய சட்டம். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு எல்லாரும் வரவேற்பறையில் இருக்க வேண்டும். திறன்பேசிகள் சாப்பாட்டு மேசைமேல். ஒரே ஒரு பகுதிதான், அது முடிந்ததும் அடுத்தது தானாக வராதபடி அமைப்பை மாற்றிவிட்டோம். ஒரு வாரம் மகள் தேர்வு, ஒரு வாரம் பாட்டி தேர்வு. மகள் தேர்ந்தெடுத்த கொரிய நாடகத்தில் மாமியார் ஒருத்தி மருமகள்மேல் தண்ணீரை ஊற்றியதும், “எல்லா ஊருலயும் இவளுங்க இருக்காளுங்க” என்றார் அம்மா. அன்றும் நாடகம் கால் மணி நேரம் நின்றது.

உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். பெரிய செலவு இல்லை. எட்டுப் பகுதிக்குள் முடியும் கதையாகப் பாருங்கள். தொலையியக்கியைப் பிள்ளையிடம் கொடுங்கள். நிறுத்தினால் கோபப்படாதீர்கள். முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

மகளின் தமிழ் ஒரே மாதத்தில் சரளமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் பாதி ஆங்கிலம்தான். ஆனால் ரசம் வேண்டாமென்றால் அதைப் பாட்டியிடமே சொல்கிறாள். போன வாரம் அவள் கணக்குப் பாடத்தைச் சாப்பாட்டு மேசையில் செய்துகொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவேற்பறையில் அவருடைய ஏழரை மணித் தொடர் தொடங்கியிருந்தது.

“அம்மா, உங்க நாடகம் போயிடும்” என்றேன்.

“போகட்டும்” என்றார்.